லொறிக்கு நாலு மாதம், டிரைவருக்குப் பன்னிரண்டு மாதம்

கொழும்புக்குப் போன லொறி வெறுமையாகத் திரும்பி வரக்கூடாது. இது நான் போட்ட சட்டம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் போட்ட சட்டம்தானே என்று யாரும் சிரிக்க வேண்டாம். முப்பது வருடம் ஒரு திருத்தமும் இல்லாமல் ஓடிய சட்டம் அது.

தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து ஒரே ஒரு சாக்கோடு கண்டிக்கு இறங்கி வந்தவன் நான். பழைய போத்தல், பேப்பர், இரும்பு என்று தெருத் தெருவாகக் கூவினேன். சிங்களத்திலும் கூவினேன், தமிழிலும் கூவினேன். மழைக்காலத்தில் மற்ற வியாபாரிகளுக்குத் தொண்டை கட்டும், எனக்குக் கட்டாது. இன்றைக்குக் கட்டுகஸ்தோட்டையில் என் இரும்புக் கடையைத் தெரியாத ஆள் இருந்தால், அவர் நேற்றுத்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க வேண்டும். படிப்பைக் கேட்டால், நான் கிலோக் கணக்கில் படித்தவன். பழைய பேப்பர்க் கட்டு வந்தால் மேலே இருக்கும் தாளை வாசிக்காமல் தராசில் ஏற்ற மாட்டேன். அரசியல், சமையல், சோதிடம், மரண அறிவித்தல், எல்லாம் அப்படிப் படித்ததுதான்.

என் லொறியைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவன் மடவளைக்காரன். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் மனைவி, வயதான உம்மா. குடி கிடையாது, சூது கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் லொறியைக் கழுவுவது. காலையில் கழுவுவான், மாலையிலும் கழுவுவான். "இரும்பு ஏத்துற லொறிக்கு எதுக்கு இவ்வளவு சவர்க்காரம்?" என்று நான் ஏசுவேன். "மொதலாளிக்கு வெக்கமில்லாட்டி, ஓட்டுற எனக்கு ஈக்கே" என்பான்.

அந்த முறை கொழும்பில் இரும்பை இறக்கிவிட்டு வந்து கொண்டிருந்தான். கடுகண்ணாவை மேட்டில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது ஒரு ஆள் வந்து, ஆறு மூட்டை இருக்கிறது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒருவர் வந்து எடுப்பார், கொண்டுபோவாயா என்று கேட்டிருக்கிறான். திரும்பி வரும் லொறிக்கு இப்படிச் சரக்கு பிடிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். யார், எவர் என்று அடையாள அட்டை பார்க்கிற பழக்கம் கிடையாது. ஆளின் டெலிபோன் நம்பரை வாங்கிக் கொள்வோம், அவ்வளவுதான். இவனும் நம்பரை வாங்கிக்கொண்டு ஏற்றினான். பேராதனைக்கு முன்னால் பொலிஸ் மறித்தது. மூட்டையை அவிழ்த்தால் பித்தளை விளக்கு, பித்தளைக் குழாய், ஒரு பெரிய மணி. யாரோ ஒரு பெரிய மனிதரின் பூட்டிக் கிடந்த பங்களாவில் களவு போனவை. அந்த நம்பருக்கு அடித்தால் போன் செத்துவிட்டது. பாலத்தடியில் காத்திருக்க வேண்டிய ஆளும் இல்லை. மிஞ்சியது இவன் ஒருத்தன்.

மறுநாள் நீதிமன்றத்தில் ஆஜர் செய்தார்கள். மற்ற இரண்டு பேரைத் தேட வேண்டும், இவனை விட்டால் அவர்களுக்குத் தகவல் போய்விடும், விசாரணை முடியவில்லை என்றார்கள். பதினான்கு நாள் விளக்கமறியல், அதாவது தீர்ப்பு வருமுன்னே உள்ளே. பதினான்கு நாள்தானே என்று நான் நினைத்தேன். அவன் மனைவிக்கும் அப்படித்தான் ஆறுதல் சொன்னேன். பதினான்காவது நாள் போனோம். விசாரணை முடியவில்லை. இன்னும் பதினான்கு நாள். அதன் பிறகும் அதேதான். நான் அவனுக்காக வைத்த லோயரம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து பிணை கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே வசனம் திரும்பி வந்தது.

என் கடைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் பதினான்கு நாளுக்கு ஒரு வட்டம் போட்டேன். ஒரு கலண்டர் முடிந்து அடுத்த வருடக் கலண்டரிலும் வட்டம் தொடர்ந்தது. அவன் மனைவி மாதத்தில் இரண்டு தடவை கடைக்கு வந்து, கதிரையில் உட்காராமல் நின்றபடியே கலண்டரைப் பார்ப்பாள். ஒரு நாள் கேட்டாள்:

"மொதலாளி, இன்னம் எத்தின பதினாலு நாள் ஈக்கி?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்குச் சிவப்புப் பேனையை எடுத்து அடுத்த வட்டத்தைப் போட்டேன். வெறும் லொறி வரக்கூடாது என்று சட்டம் போட்டவனும் நான்தானே. அன்று மாலையே புது டிரைவரைக் கூப்பிட்டு, கொழும்பிலிருந்து வெறும் லொறியைக் கொண்டு வா, காற்றை ஏற்றிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

புது டிரைவர் என்றதும் லொறி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். சாட்சிப் பொருள் என்று லொறியையும் பொலிஸ் வளவில் ஒரு பலா மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். லொறி லீசிங்கில் இருந்தது. லீசிங் கம்பனிக்காரர்கள் கோட் போட்ட ஒரு லோயரை அனுப்பினார்கள். அவர் வழக்குக் கூப்பிடுகிற நாளுக்கு, இரண்டே தவணை வந்தார். நாலாவது மாதம் லொறிக்குப் பிணை கிடைத்துவிட்டது! கூரையில் பலாச் சருகோடு லொறி வீடு வந்து சேர்ந்தது. ஓட்டியவன் உள்ளே இருந்தான்.

பல்லேகலைச் சிறைக்கு அவனைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். கோபப்படுவான் என்று பயந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"லொறிக்கு உம்மா, பொண்டாட்டி இல்லயே மொதலாளி. அதான் சுறுக்கா வுட்டுட்டாங்க."

"சிரிக்காதடா. மெலிஞ்சு போயிட்ட."

"அத மட்டும் உம்மாக்குச் செல்ல வாணாம். அது சரி, புது டைவர் க்ளச்சில கால வெச்சிக்கிட்டே ஓட்டுறானாம். இங்க நேத்து வந்த ஒரு கட்டுகஸ்தோட்டக்காரன் சென்னான். காலத் தூக்கச் செல்லுங்க அவனுக்கு."

உள்ளே இருந்துகொண்டே என் க்ளச்சைக் காப்பாற்றியவன் அவன். இப்படி ஒரு ஆளை வேறு எந்த முதலாளி வைத்திருந்தான், சொல்லுங்கள் பார்ப்போம்.

பதினோராவது மாதம். பேராதனைப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்து பழைய பேப்பர் ஏழெட்டுச் சாக்கு அனுப்பியிருந்தார்கள். வழக்கம்போல வாசித்துக்கொண்டே தராசில் போட்டேன். நடுவில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம் வந்தது. கைதானவர்களின் உரிமைகள் பற்றித் தமிழில் சுலபமாக எழுதிய புத்தகம். அதில் பிணை என்று ஒரு பகுதி. தீர்ப்பு வந்து குற்றவாளி ஆகாத ஒருவரை, கைதான நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மறியலில் வைத்திருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை சத்தமாக வாசித்தேன். கடையில் வேலை செய்தவர்கள் கம்பி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கலண்டரைப் பார்த்தேன். இன்னும் இரண்டு வட்டம்.

புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு நேரே லோயரம்மாவிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்து மனுசி. கண்டியில் வந்து குடியேறி இருபது வருடம் ஆனாலும் பேச்சு இன்னும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. புத்தகத்தை மேசையில் போட்டு, "பாருங்கம்மா, நான் கண்டுபுடிச்சிட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "உந்தப் புத்தகத்தை எங்கை எடுத்தனீங்கள் ஐயா?"

"சாக்குல இருந்து."

"சரியானதைத்தான் எடுத்திருக்கிறியள்" என்று சிரித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதே பன்னிரண்டு மாதக் கணக்கை வைத்து மனு ஏற்கனவே எழுதி முடித்திருந்தார். தேதி மட்டும் போடவில்லை.

எனக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் சொல்கிறேன், படித்த லோயரும் பழைய இரும்புக்காரனும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்றால் அது யாருக்குப் பெருமை?

"எண்டாலும் ஐயா, முழுக்க நம்பியிருக்க ஏலாது" என்றார் லோயரம்மா. "சில பெரிய வழக்குகளுக்கு இந்தச் சட்டம் வேறை மாதிரி. இதுக்குப் பொருந்தும். ஆனா பொலிஸ்காரர் மேல் நீதிமன்றத்துக்குப் போய், விசாரணைக்கு இன்னும் காலம் வேணும் எண்டு கேக்கலாம். நல்ல காரணம் காட்டினா இன்னொரு பன்னிரண்டு மாசம் வரைக்கும் நீட்டலாம்."

"அடப் பாவமே! அவங்க தேடி முடிக்கிற வரைக்கும் இவன் இருக்கணுமா?"

"அதுதான் கூடாது எண்டுறன். தேடுறது அவையின்ரை வேலை, தேடட்டும். இவர் குற்றம் செய்தவர் எண்டு இன்னும் ஒருத்தரும் தீர்க்கேல்லை. அதுவரைக்கும் வீட்டிலை இருந்து, கூப்பிடுற நாளுக்கு வந்து நிண்டாக் காணும். பிணை எண்டுறது அவ்வளவுதான். அவை அசையிறதுக்கு முதல் நாங்கள் நிக்கவேணும். நீங்கள் சரீரப் பிணைக்கு ரெண்டு பேரை ஆயத்தப்படுத்துங்கோ. சொந்தமா வீடு வளவு இருக்கிற ஆக்கள். கிராம சேவகரிட்டை சான்றிதழ் எடுக்கவேணும்."

சரீரப் பிணை என்றால், இந்த ஆள் தவணைக்கு வருவான், வராவிட்டால் நான் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்து வைத்து நிற்பது. ஒரு ஆள் அவனுடைய மச்சான், அரசாங்க உத்தியோகத்தர். "மற்ற ஆள் நான்தான். என்னைவிடப் பெரிய ஆள் எங்க தேடுவீங்க?" என்றேன். லோயரம்மா தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை கிராம சேவகரிடம் போனேன். அவர் சிங்களவர், என் பழைய சிநேகிதர். வீட்டு உறுதிப் பத்திரம் கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். "என் மாடி வீடு உங்க ஜன்னல்ல இருந்து தெரியலியா?" என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் பேரேட்டைப் புரட்டி எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. சிங்களம் பேசச் சொன்னால் சந்தையே என்னைத் திரும்பிப் பார்க்கும். வாசிக்கச் சொன்னால் நான் கண்ணாடியைத் தேடுவேன். முத்திரை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு வந்த முதல் தவணை ஒரு வியாழக்கிழமை. மறுநாள் போயா விடுமுறை, அதற்குப் பிறகு சனி, ஞாயிறு. வெள்ளைச் சட்டை போட்டு, வாசனை பூசிக்கொண்டு போனேன். அவன் மனைவி கடைசி வாங்குப் பலகையில் துவா ஓதியபடி உட்கார்ந்திருந்தாள்.

வழக்கு கூப்பிட்டார்கள். பொலிஸ் தரப்பில் எழுந்து, இரண்டு பேரை இன்னும் தேடுகிறோம், விசாரணை முடியவில்லை என்றார்கள். லோயரம்மா எழுந்து பன்னிரண்டு மாதக் கணக்கைச் சொன்னார். நீதவான் பொலிஸைப் பார்த்து, காலத்தை நீட்டும்படி மேல் நீதிமன்றத்தில் கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. அப்படியானால் இனி இவரை வைத்திருக்க முடியாது என்றார் நீதவான். இரண்டு சரீரப் பிணை, மாதக் கடைசி ஞாயிறு பொலிஸில் கையெழுத்து, பிணைக்காரர்கள் வந்து கையெழுத்து வைக்க நேரம் மத்தியானம் மூன்று மணி வரை. கூண்டில் நின்றவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மச்சானின் தாள் சரி. பிறகு என் தாள். நீதிமன்ற உத்தியோகத்தர் அதை வாசித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"ஐயாவுக்குச் சொத்து எதுவும் இல்லையே."

"என்னது? எனக்கா?"

"மேற்படி விலாசத்தில் வசிக்கிறார், நன்னடத்தை உள்ளவர். அவர் பெயரில் காணி, கட்டடம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது."

அது உண்மை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொண்டு வந்து விற்கிறான் என்று தெரியாது, என்றைக்காவது ஒரு களவுச் சாமான் கடையில் அகப்பட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் வீடு, கடை, வளவு அத்தனையும் பெண்சாதி பெயரில் எழுதி வைப்போம். நானும் எழுதி வைத்தேன். பொலிஸ் வந்தால் என் சாரத்தை மட்டும்தான் கொண்டுபோக முடியும் என்று முப்பது வருடம் பெருமை அடித்தேன். அந்தக் கெட்டித்தனம் என் டிரைவரின் கழுத்தில் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

லோயரம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "மூண்டு மணிக்குள்ளை வேறை ஆள் வராட்டி இவரைத் திருப்பி ஏத்திக்கொண்டு போயிடுவினம். பிறகு திங்கட்கிழமைதான். அதுக்குள்ளை அவை புதுசா ஏதும் மனுப் போட்டா இழுபடும் ஐயா."

மணி பன்னிரண்டே கால். வீட்டுக்கு அடித்தேன்.

"அடுப்புல கறி இருக்கு, சுருக்கா சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

சொன்னேன்.

"அப்ப ஒங்க பேர்ல ஒண்ணுமே இல்லியா?"

"நீதானேடி எல்லாத்துலயும் கையெழுத்து வச்ச!"

"இங்க வை, அங்க வைன்னீங்க, வச்சேன். எதுக்குன்னு என்னைக்காச்சும் சொன்னீங்களா? சரி, அந்தப் பத்திரமெல்லாம் எங்க?"

"அலுமாரில, மேல் தட்டுல, பிஸ்கட் டின்னுல. கிராம சேவகர் இன்னிக்கு இருப்பார். சான்றிதழ் எடுத்துக்கிட்டு ஓடி வா."

"கோர்ட்டுல நான் என்னத்தப் பேசுறது? எனக்கு மேலெல்லாம் நடுங்கும்."

"ஒண்ணும் பேச வேணாம். வந்து நில்லு, போதும்."

அடுத்த இரண்டு மணி நேரம் போல என் வாழ்க்கையில் நீண்ட நேரம் கிடையாது. அவன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏசுவாள் என்று பார்த்தேன். "ஒத்தச் சாக்கோட வந்தவரெண்டு செல்லுவீங்களே மொதலாளி, இப்பவும் அப்பிடியேதான் ஈக்கிறீங்க போல" என்றாள். பன்னிரண்டு மாதத்தில் அவள் முதல் முறையாகப் பகிடி விட்டாள், அதுவும் என் செலவில். நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டே கால் மணிக்கு முச்சக்கர வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. என் மனைவி பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். சேலை மாற்றியிருந்தாள், கறிக்கறை பட்ட கையைக் கழுவ மறந்துவிட்டாள். கிராம சேவகர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாராம். செவ்வாய்க்கிழமையே முதலாளியம்மா வருவார் என்று பார்த்திருந்தேன் என்றாராம்.

நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "இந்த ஆள் தவணைக்கு வராவிட்டால் நீங்கள்தான் பொறுப்பு. விளங்குதா அம்மா?"

"வெளங்குதுங்க ஐயா. வரலைன்னா நானே மடவளைக்குப் போய் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சிங்களத்தில் சொல்லிவிட்டார். மன்று சிரித்தது. நீதவான் சிரிக்காதவர் போல ஒரு தாளைப் புரட்டிக்கொண்டு, அவ்வளவு நிச்சயமா என்று கேட்டார்.

"பத்தொம்பது வருசமா பகல் சோத்துக்கு எங்க வீட்டுக்கு வர்றவருங்க. ஒரு நாள் தாமதமா வந்ததில்ல."

நீதவான் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். "அங்க நிக்கிறவர் யார் என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"என் வீட்டுக்காரருங்க. அவருக்கும் நான்தான் பிணை."

கட்டுகஸ்தோட்டையில் அந்த வசனம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் மீன்காரன் முதற்கொண்டு அதைச் சொல்லித்தான் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நடுக்கம் வரும் என்றவள் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் நின்று பேசினாள் என்றால், அவளைக் கட்டிக்கொண்ட என் கெட்டித்தனத்தை யாராவது ஒத்துக்கொள்ள வேண்டாமா?

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கையெழுத்து வைத்தாள். பக்கக் கதவால் அவன் வெளியே வந்தான். கையில் ஒரு சொப்பிங் பையில் இரண்டு சாரம். அவன் மனைவி அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். அவள் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவன் என் மனைவியிடம் வந்து, "முதலாளியம்மா, காதப் புடிக்க வாணாம், நானே வருவேன்" என்றான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் ஏதோ தூசு.

வீதிக்கு வந்ததும், புது டிரைவர் கொண்டு வந்து நிறுத்தியிருந்த லொறியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். விரலால் கதவைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதக் கழுவி எத்தின மாசம் மொதலாளி?" என்றான். அன்றைக்கு மடவளையில் அவன் உம்மா அவனை வாசலில் நிறுத்தி, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெலிவை என்னிடம் ஏன் மறைத்தாய் என்று என்னைத்தான் ஏசினார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த இரண்டு பேரும் இன்னும் அகப்படவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை தவணை வருகிறது. அவன் காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மடவளை பஸ்ஸில் ஏறிப் போகிறான். மாதக் கடைசி ஞாயிறு கையெழுத்தும் தவறியதில்லை. என் மனைவி முதல் நாளே போன் போட்டு ஞாபகப்படுத்துகிறாள். பிணைக்கு நின்றவள் அவள், எனக்கு அதில் வேலை இல்லையாம்.

போன தவணைக்கும் போனான். பதினொரு மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டான்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"விசாரணை முடியல்லயாம் மொதலாளி" என்றான். பன்னிரண்டு மாதம் எங்களை வாட்டிய அதே வசனம். அவன் அதை மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனான்.